வாத்துக் கம்ப்யூட்டரில் ஓடும் வானொலி

சமுதாய வானொலி என்பது பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒரே பஸ்ஸில் போகிற தொழில். காலையில் செய்த தப்புக்குச் சாயங்காலம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பதில் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் சேகர். திண்டிவனத்தில் பதினைந்து வருஷம் மைக் செட் போட்டவன். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாவற்றுக்கும் அதே குழாய் ஸ்பீக்கர்தான், பாட்டு மட்டும் மாறும். மயிலம் போகிற சாலையில் மகளிர் குழுக்களின் கூட்டமைப்பு ஒரு சமுதாய வானொலி ஆரம்பித்தபோது, ஒயர் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் கேட்கும். காற்று நம் பக்கம் அடித்தால் இன்னும் கொஞ்சம் கேட்கும் என்று நாங்களே சொல்லிக்கொள்வோம்.

நிலையத்தில் மொத்தம் நாலு பேர். மேலாளர் விமலா மேடம். அறிவிப்பாளர் ஜெயந்தி, வானூரில் வாக்கப்பட்டு இரண்டு பஸ் மாறி வருகிறவள். கூட்டமைப்புத் தலைவி அஞ்சலை அக்கா, கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போன காலத்திலேயே மேஸ்திரியைக் கேள்வி கேட்டவர். நாலாவது நான். கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டுத் திரை வெளிச்சமாகும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் இனத்தாரே, இனி வருவதெல்லாம் உங்களுக்குத்தான்.

இங்கிலீஷ்காரம்மா

முதல் ஆறு மாதம் எங்கள் ஸ்டுடியோவில் ஓடியதெல்லாம் திருட்டு சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் வாங்கிய கடையில் "எல்லாம் ஏத்திக் குடுத்திருக்கேன் சார்" என்றார்கள். எல்லாம் என்றால் எதெல்லாம், எங்கேயிருந்து என்று நானும் கேட்கவில்லை. மைக் செட்காரனுக்குச் சத்தம் வந்தால் போதும். ஒருநாள் அந்த எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு எங்கள் யோக்கியதை தெரிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் அது சோதனைப் பதிப்பாக மாறிக்கொண்டது. அதிலிருந்து நாங்கள் சேமிக்கிற ஒவ்வொரு பதிவிலும், நிமிஷத்துக்கு ஒரு தடவை, "இது சோதனைப் பதிப்பு, முழுப் பதிப்பை வாங்கவும்" என்று ஒரு பெண்மணி ஆங்கிலத்தில் சொல்லும்படி தானே சேர்த்துவிட்டது.

நான் அதைப் போட்டுக் கேட்காமலே ஒலிபரப்பினேன். மல்லாட்டைச் செடியில் இலைப்புள்ளி நோய் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி. ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர் பொறுமையாக மருந்தும் அளவும் சொல்லிக்கொண்டே வருகிறார். சரியாக நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த அம்மாள் கண்டிப்பான குரலில் குறுக்கே வந்துவிட்டுப் போகிறார். நான் தலையில் கை வைத்தபோது நிகழ்ச்சி முடிந்திருந்தது. மயிலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு விவசாயி போன் பண்ணினார்.

"மருந்து சொன்னதெல்லாம் சரிங்க. அந்த இங்கிலீஷ்காரம்மா நடுவுல நடுவுல வந்து அதட்டிட்டுப் போறாங்களே, அந்த மருந்த அடிக்காதன்னு சொல்றாங்களா?"

மூடி திறக்கிற சாமான்

அரசாங்கம் அனுமதி கொடுத்து நடக்கிற நிலையத்தில் திருட்டு சாமான் ஓடுகிறது என்று தெரிந்த நாள் முதல் விமலா மேடத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாசலில் யாராவது பேன்ட் சட்டையோடு வந்தால் "அதிகாரியா பாருப்பா" என்பார். அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சி முகாமில் கட்டற்ற மென்பொருள் பற்றிக் கேள்விப்பட்டு வந்தேன். கூட்டமைப்பில் அனுமதி வாங்க வேண்டும் என்றால் அஞ்சலை அக்காவுக்குப் புரிய வேண்டும். எனக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபையரில் மூடியைக் கழற்றினால் உள்ளே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் பார்த்து ரிப்பேர் பண்ணலாம், அதே மாதிரி இன்னொன்று செய்துகொள்ளலாம். இப்போது வருகிறதெல்லாம் சீல் வைத்த டப்பா. கட்டற்ற மென்பொருள் படம் ஒட்டின ஆம்ப்ளிஃபையர் மாதிரி. திறக்கலாம், பார்க்கலாம், மாற்றலாம், நகல் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம்.

அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "இத்த யாரு பண்ணது?" உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் என்றேன். "அவங்களுக்குள்ள பழக்கமா?" பாதிப் பேர் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை என்றேன். அக்கா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பொய் சொல்கிற ஆளை அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"எங்க குழுவுல பன்னெண்டு பேரு, எல்லாம் ஒரே தெரு. ஒரு ஜமுக்காளம் வாங்க நாலு கூட்டம் போட்டோம். மொகம் பாக்காம இத்தினி பேரு சேந்து ஒரு வேலைய முடிச்சாங்கன்னா, அவங்க விலாசத்த வாங்கு, நம்ம ஆண்டு விழாவுக்குக் கூப்புடலாம்."

வாத்து

அனுமதி கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பழசையெல்லாம் துடைத்துவிட்டு லினக்ஸ் என்கிற கட்டற்ற சிஸ்டத்தை ஏற்றினேன். திங்கட்கிழமை காலையில் ஜெயந்தி கம்ப்யூட்டரைப் போட்டதும், நான் வைத்திருந்த பென்குயின் படம் திரையில் வந்து நின்றது. "அண்ணே, கம்ப்யூட்டர்ல வாத்து ஒக்காந்துகினு இருக்குது" என்று கத்தினாள். வாத்து இல்லை, பென்குயின், அதுதான் இந்த சிஸ்டத்தின் அடையாளம், பனிக்கட்டி தேசத்துப் பறவை என்று விளக்கினேன். அப்போது மே மாதம். ஸ்டுடியோவில் ஏசி என்று ஒன்று சுவரில் இருக்கிறது, அவ்வளவுதான். சத்தம் பதிவாகிவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தோம். ஜெயந்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பறவையை உற்றுப் பார்த்தாள்.

"பாவம்ணே, அக்னி நட்சத்திரத்துல அத்தப் போயி திண்டிவனத்துக்கு இட்டாந்துட்டீங்களே."

அன்றிலிருந்து அது வாத்துக் கம்ப்யூட்டர்தான். கூட்டமைப்பின் இருப்புப் பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிட்டது.

தலையில் வெட்டு

புதிய சாஃப்ட்வேரில் ஒரு வசதி, மெனுப் பட்டியெல்லாம் தமிழில் வரும். வெட்டு, ஒட்டு, நகலெடு, செயல்தவிர். ஆங்கிலம் என்றால் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிடும் ஜெயந்தி, இரண்டே வாரத்தில் என்னைவிட வேகமாக எடிட் பண்ணக் கற்றுக்கொண்டாள். அந்தச் சமயத்தில் ஒரு விவசாய சங்கத் தலைவர் பேட்டிக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு இருமல். பேட்டி முடிந்து அவரும் அவரோடு வந்த இரண்டு தொண்டர்களும் முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நாங்கள் வேலையை ஆரம்பித்தோம். கதவு திறந்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"அண்ணே, தலைவர தலைப்பக்கம் கொஞ்சம் வெட்டிட்டேன். இன்னும் இருமிக்கினுதான் இருக்காரு."

"அப்ப இன்னும் கொஞ்சம் உள்ள போயி வெட்டு. நடுவுல ரெண்டு துண்டாக்கிட்டு, பின்பக்கத்த எடுத்து முன்னால ஒட்டிடு."

"வெட்டினதையெல்லாம் என்னண்ணே பண்றது?"

"குப்பைத்தொட்டில போடு. யாரு வந்து தேடப்போறா?"

திரும்பிப் பார்த்தால் தொண்டர்கள் இரண்டு பேரும் வாசற்படியில் நிற்கிறார்கள். ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். விமலா மேடம் ஓடி வந்து தலைவரையே உள்ளே அழைத்து உட்காரவைத்து, வெட்டி ஒட்டியதைப் போட்டுக் காட்டினார். நாற்பது நிமிஷப் பேச்சு ஒன்பது நிமிஷமாகியிருந்தது. ஓர் இருமல் இல்லை, சொன்னதையே சொல்வது இல்லை. தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். அவர் குரலை அவரே அன்றைக்குத்தான் முதல் தடவையாக ரசித்தார் என்று நினைக்கிறேன்.

"இந்தப் பொண்ணு நல்லா வெட்டுதும்மா. எங்க மாவட்டக் கூட்டத்துக்கு ஒரு நாள் அனுப்பி வைங்க, அங்க வெட்ட வேண்டியவங்க இன்னும் நாலு பேரு இருக்காங்க."

கடைசியோ கடைசி

எந்த நேரத்துக்கு எந்த நிகழ்ச்சி என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், கம்ப்யூட்டர் தானாகவே எடுத்துப் போட்டுக்கொள்ளும். கோப்பின் பெயர் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் நாம் எழுதியதைத்தான் படிக்கும், நாம் நினைத்ததைப் படிக்காது. இதை நான் நாற்பது தடவை சொல்லியிருக்கிறேன். ஜெயந்தி கோப்புக்கு வைக்கும் பெயர்கள் இப்படி இருக்கும்: கேப்பை அடை கடைசி. கேப்பை அடை கடைசியோ கடைசி. கேப்பை அடை சத்தியமா இதான்.

வெட்டி முடித்தது "சத்தியமா இதான்" என்று தெரியாமல், நான் பட்டியலில் "கடைசி" என்று எழுதிவிட்டு, ஒரு ஒயர் வாங்கத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். அங்கே டீக்கடை ரேடியோவில் எங்கள் சமையல் நிகழ்ச்சி ஆரம்பித்தது. வெட்டாத, ஒட்டாத முழுப் பதிவு. முருங்கைக்கீரையை மாவோடு சேர்த்துப் பிசைய வேண்டுமா, வதக்கிப் போட வேண்டுமா என்று விமலா மேடத்துக்கும் ஜெயந்திக்கும் நடந்த சண்டை முழுசாக ஓடுகிறது. "உங்க வானூர்ல அடையா சுடுறாங்க, செருப்பு சுடுறாங்க" என்று மேடம் சொல்ல, டீக்கடையில் எல்லோரும் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்கள். வானூர்க்காரர் ஒருவர் எழுந்து நின்றேவிட்டார். நான் ஒயரையும் வாங்காமல் வண்டியை முறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, மேடம் மன்னிப்பு அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. எடுக்கவே பயந்தோம். ஸ்பீக்கரில் போட்டோம்.

"மேடம் சொன்னாப்புல ஒண்ணு சுட்டோங்க, ஜெயந்தி சொன்னாப்புல ஒண்ணு சுட்டோங்க, ரெண்டும் கல்லுல ஒட்டிக்கிச்சு. நீங்க சண்டைய முடிச்சுக்கினு நாளைக்கி ஒரு முடிவா சொல்லுங்க, மாவு இன்னும் மிச்சம் இருக்குது."

லூசியா அக்கா

ஒருமுறை சிஸ்டத்தைப் புதுப்பித்த பிறகு, எல்லாக் குரலும் கரகரத்தது. ஜெயந்தி பேசினால் பொரி வறுக்கிற மாதிரி இருந்தது. பேஜாரான பேஜாரு. இந்த சாஃப்ட்வேர் உபயோகிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. அதில் என் ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். "என் கம்ப்யூட்டருக்கு ஜலதோஷம்" என்கிற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறேன் என்று பிறகு தெரிந்தது. பத்து நிமிஷத்தில் போர்ச்சுகலிலிருந்து லூசியா என்று ஒருவர் பதில் எழுதினார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். இதைத் தட்டிப் பார், என்ன வருகிறது சொல். அதை மாற்று, இப்போது எப்படி இருக்கிறது சொல் என்று மூன்று நாள் விடாமல் கூட வந்தார். நான் தப்பாகத் தட்டியதற்கெல்லாம் கோபித்துக்கொள்ளவே இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஜெயந்தியின் குரல் தெளிந்தது.

நன்றிக்கு என்ன செய்யட்டும் என்று எழுதினேன். எது சரிப்பட்டது என்று அதே பக்கத்தில் எழுதி வை, இதே தொல்லை வந்த அடுத்த ஆளுக்கு ஆகும் என்றார். நாலு வரி எழுத எனக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று. மூன்று வாரம் கழித்து, எந்த நாடென்றே தெரியாத ஒரு வானொலிக்காரர் கீழே "நன்றி, எனக்கும் சரியாகிவிட்டது" என்று எழுதியிருந்தார். மைக் செட் போட்ட பதினைந்து வருஷத்தில் எனக்கு யாரும் எழுத்தில் நன்றி சொன்னதில்லை. அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அஞ்சலை அக்காவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"மூணு நாளு வேல பாத்த மனுசிக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கலியேடா. அந்த லூசியாவ கேமராவுல வரச் சொல்லு, கேப்பைக் கூழு எப்படி இருக்கும்னாவது காட்டுவோம்."

அணைக்காதே

சிரிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மூன்று நாள் விடாத மழை. கரண்ட் போய், ஜெனரேட்டரில் ஓட்டிக்கொண்டிருந்தோம். பஸ் இல்லாததால் ஜெயந்தி நிலையத்திலேயே தங்கியிருந்தாள். மூன்றாம் நாள் காலை, கூரை விரிசல் வழியே தண்ணீர் சரியாக ஸ்டுடியோ மேசைமேல் இறங்கி, கம்ப்யூட்டர், மிக்சர், மைக் எல்லாம் குளித்து முடித்திருந்தன. பக்கத்து அறையில் இருந்ததால் டிரான்ஸ்மிட்டர் மட்டும் தப்பியது. அந்த நேரத்தில் கிராம நிர்வாக அலுவலர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார். ஏரிக்கரையில் ஓரிடத்தில் கசிகிறது, கீழே காலனியில் இருக்கிறவர்கள் உடனே மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். செல்போன் டவர் செத்துவிட்டது. காலனிக்குப் போகிற ரோட்டில் மார்பளவு தண்ணீர். சுற்று வழியில் ஆள் அனுப்பியிருக்கிறார், போய்ச் சேர நேரமாகும். ஜெயந்தியின் அம்மா வீடு அந்தக் காலனியில்தான்.

விமலா மேடத்தின் சொந்த லேப்டாப்பை எடுத்துத் திறந்தோம். "புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம், பதினேழு சதவீதம்" என்றது. ஐந்து நிமிஷம் பார்த்தோம். பதினெட்டு. என் வண்டிச் சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கும். எங்கள் சிஸ்டம் முழுசும் அதற்குள் இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும், அதிலிருப்பதைத் தொடாமல் இதிலிருந்தே ஓடும். ஆனால் முதலில் லேப்டாப்பை அணைக்க வேண்டும். நான் பொத்தானில் விரலை வைத்ததும் மேடம் கையைப் பிடித்துக்கொண்டார். "அணைக்காதேன்னு எழுதியிருக்குப்பா! என் பொண்ணு கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான் இருக்குது." ஜெயந்தி மெதுவாகச் சொன்னாள், "மேடம், எங்கம்மா அங்க இருக்குது." மேடம் என் கையைத் தள்ளிவிட்டு, தானே அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். திரை அணைகிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை.

இரண்டு நிமிஷத்தில் எங்கள் சிஸ்டம் வந்தது. ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேராக டிரான்ஸ்மிட்டரில் சொருகினேன். லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிற மைக்குக்கு எதிரே குனிந்து ஜெயந்தி பேசினாள். எந்த ஏரி, எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வழி என்று நிதானமாக, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை. முடிக்கிற இடத்தில் அம்மாவையே கூப்பிட்டுவிட்டாள். "அம்மா, நீ பிடிவாதம் புடிக்காத. டிவியத் தூக்கிக்கினு நிக்காத. ஆட்ட அவுத்துவுட்டுட்டு ஜல்தியா கெளம்பு." நான் அதைப் பதிவு செய்திருந்தேன். வெட்ட நேரமில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப ஓடும்படி அப்படியே போட்டுவிட்டேன். கையில் செல்போன் ரேடியோ வைத்திருந்தவர்கள் கேட்டு, கேட்காத வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கரை உடைந்தது. வீட்டுச் சுவர்கள் போயின. அங்கே ஆள் ஒருவரும் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு ஜெயந்தியின் அம்மா நிலையத்துக்கே வந்தார். நாங்கள் எழுந்து நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, நேராக மகளிடம் போனார்.

"ஒரு தடவ சொன்னா கேக்க மாட்டேனாடி? அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா 'அம்மா, பிடிவாதம் புடிக்காத, பிடிவாதம் புடிக்காத'ன்னு சாயங்காலம் வரைக்கும் கத்திக்கினே இருந்தியே, பள்ளிக்கூடத்துல இருந்த அத்தினி பேரும் என்னையேதான் பாத்தாங்க!"

நிரூபிக்கச் சொன்னவர்

போன வருஷம் விழுப்புரத்திலிருந்து ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்தார். கழுத்தில் டை, கையில் வண்ண வண்ணத் தாள்கள். வானொலிக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் விற்கிறாராம். அன்றைக்கு அஞ்சலை அக்கா நிலையத்தில் இருந்தது அவர் செய்த பாவம். திறந்து உள்ளே பார்க்கலாமா என்று அக்கா கேட்டார். முடியாது. ஒன்று எடுத்துப் பக்கத்து ஊர் நிலையத்துக்குக் கொடுக்கலாமா? அது குற்றம். மழையில் நெட் போய்விட்டால் ஓடுமா? ஓடும், ஆனால் மாசத்துக்கு ஒரு தடவை நெட்டில் போய், வாங்கியது நீங்கள்தான் என்று நிரூபிக்க வேண்டும். "நான் அஞ்சலைதான்னு நான் மாசா மாசம் நிரூபிக்கணுமா?" என்று அக்கா எழுந்தார்.

பாவம், அவர் டையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஜெயந்தி ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்தார். தாள்களையெல்லாம் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டே, அக்காவிடம் பணிவாகச் சொன்னார்.

"போன மாசம் வரைக்கும் தண்ணி சுத்தம் பண்ற மெஷின் வித்துக்கினு இருந்தேங்க்கா. அங்க ஜனங்க ஒரே ஒரு கேள்விதான் கேப்பாங்க, தண்ணி வருமான்னு."

ஆக, என் இனத்தாரே, கட்டற்ற மென்பொருளில் இத்தனை வருஷத்தில் நான் கண்ட ஒரே குறை, கெட்டுப்போனால் திட்டுவதற்குக் கம்பெனி என்று ஒன்று இல்லாததால், உலகம் பூராவும் ஆயிரக்கணக்கான பேருக்குப் போக வேண்டிய திட்டையெல்லாம் ஒற்றை ஆளாக நானே வாங்க வேண்டியிருக்கிறது.